சுவர்த்தாள் சுருளில் ஒரு வம்சம்

மனிதரில் ஒரு சாதி இருக்கிறது. பயப்படாதீர்கள், நீங்கள் நினைத்த அதைப் பற்றி நான் பேச வரவில்லை. இது எல்லாச் சாதியிலும் எல்லாச் சமயத்திலும் கலந்து கிடக்கிற சாதி; கப்பலில் ஏற்றினால் கப்பலில் வரும், விமானத்தில் ஏற்றினால் விமானத்தில் வரும், எல்லைக் காவலர்கள் நாயை விட்டு மோந்து பார்த்தாலும் பிடிபடாது. வேர்கிண்டிகள் என்று நான் அதற்குப் பேர் வைத்திருக்கிறேன். படித்தவர்கள் வேறு பேர் வைத்திருக்கலாம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். என் வாயில் வந்த பேர் இதுதான்.

வேர்கிண்டியை அடையாளம் காணக் கண்ணாடி தேவையில்லை. ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போகிறீர்கள், மண்டபத்தில் பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கிறது, முன்பின் தெரியாத ஒருவர் தட்டில் இரண்டு ரோல்ஸோடு வந்து உங்கள் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருகிறார், ஒரு ரோல்ஸைக் கடிக்கிறார், மென்று முடிக்கவில்லை, அதற்குள் கேட்கிறார்:

"நீங்கள் ஊரிலை எவடம்?"

சொல்கிறீர்கள்.

"அதிலை எவடம்?"

அதையும் சொல்கிறீர்கள்.

"கோயிலுக்கு இங்காலையோ, அங்காலையோ?"

மூன்றே மூன்று கொத்து. மண்வெட்டி வேரில் பட்டுவிடும். பிறகு அவருடைய முகத்தைப் பாருங்கள், ஒன்றில் பூசணிப்பூப்போல விரியும், அல்லது தொட்டாச்சிணுங்கிபோலச் சுருங்கும், சுருங்கினால் "ஆ... அப்பிடியே" என்றொரு சத்தம் வரும், கதிரை அரைச் சாண் பின்னுக்குப் போகும், மற்ற ரோல்ஸை அவர் வேறொரு மேசையில் போய்த் தின்பார். ஏன் ஐயா இதெல்லாம் கேட்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "சும்மாதான்" என்பார். தமிழில் இந்தச் சும்மா என்ற சொல்லைப்போல மாடாய் உழைக்கிற சொல் வேறொன்று உண்டா?

ஜெர்மனிக்கு வந்த பிறகு இந்தச் சாதிக்குப் பெரிய பஞ்சம் வந்தது. இங்கே பிறந்த பிள்ளையிடம் எவடம் என்று கேட்டால் "பாட் கான்ஸ்ரற், நீச்சல் குளத்துக்குப் பக்கத்திலை" என்கிறது. கொத்துகிற மண்வெட்டி சீமெந்தில் பட்டால் என்ன நடக்கும்? கை வலிக்கும். கை வலித்தவர்கள் கீழே கிண்டுவதை விட்டுவிட்டு மேலே ஏறத் தொடங்கினார்கள். ஒருவர் தன் பாட்டனாரின் பாட்டனார் அரசனுக்கு மந்திரி என்றார். அடுத்தவர் தங்கள் ஆள்தான் அந்த மந்திரிக்கே புத்தி சொன்னவர் என்றார். நான் அறிய, ஸ்டுட்கார்ட்டில் மட்டும் மந்திரி வம்சம் பதினொன்று இருக்கிறது. அரசனுடைய யானைக்குத் தழை வெட்டினவனுக்குப் பிள்ளையே இல்லாமல் போய்விட்டது, பாவம்.

இந்தப் பதினொரு பேரையும் ஒரே எட்டில் தாண்டிப் போனவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு மந்திரி காணாது. கடல் கடந்து போய், இங்கிலாந்தில், இரும்புச் சட்டை போட்டுக் குதிரை மேலிருந்து வாள் வீசின பிரபு ஒருவரைத் தன் பூட்டனுக்குப் பூட்டனாகப் பிடித்துக்கொண்டு வந்தான். அவன்தான் றெஜினோல்ட்.

நல்ல மனிதன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்ல இடம் வராது. ஐம்பத்திரண்டு வயது, தொழிற்சாலையில் பல்சக்கரங்களை எண்ணெயில் போட்டுக் கழுவுகிற வேலை, ஞாயிறு தவறாமல் பூசை, பிளோறன்ஸ் என்று ஒரு பொறுமைசாலி மனைவி, கிறிஸ்ரினா என்று ஒரே மகள். வாழ்க்கையில் அவனுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை, ஒரு அகதிக் கந்தோர் மேசைக்கு முன்னால் போய் உட்காரும்வரைக்கும்.

எங்கள் ஆட்களுக்குக் குலப்பேர் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். தகப்பன் பேர், தன் பேர், அவ்வளவுதான். தகப்பன் பேர் ஒரு தலைமுறை முன்னால் நின்றுவிட்டு மரியாதையாகக் கழன்றுவிடும். அகதி மனு எழுதின ஜெர்மன்காரருக்கு அது விளங்கவில்லை. குடும்பப் பேர் என்ன என்று கேட்டார். றெஜினோல்ட் தகப்பனுடைய பேரைச் சொன்னான். பெல்மேட்டன். அவர் எழுதி, முத்திரை குத்தினார். அந்தக் குத்தோடு, ஊரில் எல்லாரும் சூசை என்று கூப்பிட்ட ஒரு சாதுவான மனிதர் ஒரு குலமாகிவிட்டார். ஊரில் மாமனார் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று "அவர், இவர்" என்றே காலம் தள்ளின பிளோறன்ஸுக்கு, இங்கே டொக்டரிடம் போய் மாமனார் பேரைச் சொன்னால்தான் மருந்து.

அப்படியே பன்னிரண்டு வருடம் போனது. தொண்ணூற்றாறில் ஒரு நாள் கடைத்தொகுதியின் படியடியில் ஒரு மேசை, மேசையில் ஒரு கொம்பியூட்டர், பக்கத்தில் அச்சடிக்கிற மெசின், "உங்கள் குலத்தின் வரலாறு பத்து நிமிடத்தில்" என்றொரு பலகை. றெஜினோல்ட் உருளைக்கிழங்கு வாங்கப் போனவன். பேரைச் சொன்னான். மெசின் கறுபுறுவென்று கத்திவிட்டு ஒரு பழுப்புத்தாளைத் துப்பியது. எழுநூறு வருடத்துக்கு முன்னால் சேர் ஹம்ஃபிறி டி பெல்மேட்டன் என்றொரு வீரர் இருந்தாராம், அரசனோடு சண்டைக்குப் போனாராம், குதிரை சறுக்கி விழுந்தாராம், எழுந்தாராம். அவருடைய கேடயத்தில் ஒரு சிங்கம், சிங்கத்துக்குக் கீழே மூன்று உருண்டைகள். எனக்கு அது வெங்காயம்போல இருந்தது.

"குண்டு, அண்ணை," என்றான் றெஜினோல்ட். "பீரங்கிக் குண்டு."

உருளைக்கிழங்கு அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை. தாள் வந்தது. இருதய ஆண்டவர் படம் ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்து இடம் கொடுத்தது. அவர் பொறுமைசாலி.

அதற்குப் பிறகு றெஜினோல்ட் பேசுகிற பேச்சே மாறிவிட்டது. தேத்தண்ணியில் சீனி குறைந்தால் முன்பெல்லாம் "சீனி போடன்" என்பான், இப்போது "எங்கடை பரம்பரைக்கு இனிப்புக் கொஞ்சம் கூடத்தான் வேணும்" என்றான். மழைக்குள் நடந்தால் தடிமன் பிடிக்கும் என்று பிளோறன்ஸ் சொன்னால் "இங்கிலாந்து மழை நனைஞ்ச உடம்பு இது" என்றான். மகளைக் கொண்டு இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதுவித்தான். பரம்பரை ஆராய்கிற யாரோ ஒரு புண்ணியவானும் மரியாதையாகப் பதில் போட்டு நாலைந்து பேர்களை அனுப்பிவிட்டார். வீட்டுக்காரர் சுவருக்குத் தாள் ஒட்டிவிட்டு மிச்சம் விட்டுப்போன சுருளின் பின்பக்க வெள்ளையில் றெஜினோல்ட் தன் வம்சத்தை வரைந்தான். கூடத்தில் அதை விரித்தால் சேர் ஹம்ஃபிறி தொலைக்காட்சியடியில் இருப்பார், கிறிஸ்ரினா கழிவறைக் கதவடியில் இருப்பாள். அவசரமாகப் போகிறவர்கள் மூன்று தலைமுறையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஒரு நாள் நான் குனிந்து பார்த்தேன். ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்று வரைக்கும் பேர்கள் வரிசையாக வந்தன. அதற்குப் பிறகு வெள்ளை. சுத்த வெள்ளை. ஆயிரத்துத் தொளாயிரத்து எட்டில் அவனுடைய தகப்பன் பிறந்து மறுபடி எழுத்துத் தொடங்குகிறது. நடுவில் நீலப் பேனாவால் ஒரு கப்பல்.

"இதென்னடாப்பா இடைவெளி?"

"இடைவெளி இல்லை அண்ணை. அது பயணம்."

"இருநூத்தி அறுபத்தேழு வருசமோ? மொஸ்கோ, கிழக்கு பெர்லின் எல்லாம் சுத்தி வந்த எங்களுக்கே ஏழு மாசம்தான்."

"உங்களுக்கு இது விளங்காது அண்ணை. இது ஆராய்ச்சி."

எனக்கு விளங்காதுதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் யார் யாரைக் கட்டினது, யார் யாருக்கு ஞானஸ்நானத்தில் தலை தொட்டது, எந்தப் பிள்ளைக்கு யார் முதல் முதல் சீனித்தண்ணி தொட்டு வைத்தது என்ற சில்லறை விசயங்கள். அதற்கு ஆராய்ச்சி என்று யாராவது பேர் சொல்வார்களா?

இதுவரைக்கும் யாருக்கும் ஒரு நட்டமுமில்லை. வேர்கிண்டி தன் வேரைக் கிண்டுகிற வரைக்கும் அவன் ஒரு வேடிக்கை. ஆனால் வீட்டில் கலியாணப் பேச்சு எழும்பினதும் மண்வெட்டி அடுத்தவன் வளவுக்குள் போகும். போனது.

கிறிஸ்ரினாவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது, பல்லு டொக்டரிடம் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து அங்கேயே வேலை. கார்ல்ஸ்ரூஹேயில் ட்ராம் வண்டி திருத்துகிற லக்ஸன் என்ற பொடியனை அவளுக்குப் பிடித்துவிட்டது. பொடியன் எங்கள் ஊர்தான், எங்கள் வேதம்தான், குடியில்லை, புகையில்லை, தமிழும் ஜெர்மனும் பேசுவான், இரண்டிலும் குறைவாகத்தான் பேசுவான். அவனுடைய தாய் பேர்பெச்சுவா முறைப்படி பெண் கேட்டு, தொண்ணூற்றெட்டு மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையால் செய்த கேக்கோடு மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண் பக்கத்தில் வயதான ஓர் ஆள் இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

தேத்தண்ணி வருவதற்கு முன்னால் சுருள் வந்தது.

"அக்கா, காலைக் கொஞ்சம் தூக்குங்கோ," என்று சொல்லி, றெஜினோல்ட் அவளுடைய கதிரைக்குக் கீழாலே வம்சத்தை விரித்தான். "வடிவாய்ப் பாருங்கோ. தலைமாட்டிலை நிக்கிறவர் சேர் ஹம்ஃபிறி."

"ஆர் தம்பி, உங்களோடை வேலை செய்யிறவரோ?"

"எங்கடை முப்பாட்டன், அக்கா! குதிரையிலை நிண்டு சண்டை பிடிச்சவர்."

பேர்பெச்சுவா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மரியாதையாக, தொலைக்காட்சியடியிலிருந்து ஒவ்வொரு பேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கப்பலடிக்கு வந்ததும் நின்றாள்.

"இந்தக் கப்பலாலை இறங்கினவர், உங்கடை அப்பாச்சிக்கு என்ன முறை, தம்பி?"

அவள் குத்தலுக்குக் கேட்கவில்லை. சத்தியமாக முறை தெரியவேண்டும் என்றுதான் கேட்டாள். ஆனால் பிளோறன்ஸ் யாரும் கேட்காமலே கேக்கைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். லக்ஸன் கூரையில் தொங்கின மின்குமிழை, அது ட்ராம் வண்டியின் பாகம்போல, உற்றுப் பார்த்தான். தகப்பனைப் பெற்ற கிழவியைப் பற்றி அவ்வளவு நாளும் றெஜினோல்டுக்கு அந்தக் கேள்வி வரவேயில்லை. வம்சத்தை மேலேயிருந்து கீழே இறக்கினவன், அது எந்தப் படலையால் தன் வீட்டுக்குள் வந்தது என்று யோசிக்கவில்லை.

முகம் சிவந்துபோனது.

"அதை விடுங்கோ. உங்கடை பக்கத்தைச் சொல்லுங்கோ. எத்தினை தலைமுறை காட்டுவியள்?"

"எனக்கு அம்மாவைத் தெரியும். அம்மாவின்ரை அப்புவைத் தெரியும், மரியாம்பிள்ளை. அதுக்கங்காலை கடல், தம்பி."

"ஆர்... சூப்பு மரியானோ?"

இங்கே நான் சொல்லவேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஊரில் துரைமார் தங்குகிற விடுதி ஒன்று இருந்தது. மரியாம்பிள்ளை அதில் சமையற்காரர். அவர் வைக்கிற சூப்பின் மணம் பிடித்துக்கொண்டு நாய்கள் வேலியடியில் வரிசையில் நிற்குமாம். அதனால் சூப்பு மரியான்.

"ஒரு சேரின்ரை பரம்பரைப் பிள்ளை," என்றான் றெஜினோல்ட், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "ஒரு குசினிக்காரன்ரை வீட்டுக்கோ?"

பேர்பெச்சுவா எழுந்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தாள்.

"என்ரை அப்பு காய்ச்சின சூப்பைக் குடிச்சு ஊரிலை ஒருத்தரும் சாகேல்லை, தம்பி. வாறம்."

பார்த்தீர்களா? எழுநூறு வருடத்து இரும்புச் சட்டையைக் கழற்றினால் உள்ளே இருப்பது அதே பழைய ஆள்தான், அதே ரோல்ஸ் தட்டு, அதே "இங்காலையோ, அங்காலையோ". இங்கிலாந்துவரைக்கும் போய் வந்தது, அந்தக் கேள்வியைக் கொஞ்சம் கௌரவமாகக் கேட்பதற்குத்தான்.

அவர்கள் போனபின் கிறிஸ்ரினா வந்து சுருளின் கால்மாட்டில், தன் பேருக்கு மேலேயே, நின்றாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அப்பா, நான் கேவலார் மாதா திருநாள் வரைக்கும் பொறுக்கிறன். ஓகஸ்ற் வரைக்கும். பிறகு நானும் லக்ஸனும் போய்ப் பதிவுக் கந்தோரிலை கலியாணத்துக்கு நாள் கேட்டு ரெர்மீன் எடுப்பம். நீங்கள் வந்தால் எனக்குச் சந்தோசம். வராட்டிச் சேர் ஹம்ஃபிறியை அனுப்பிவிடுங்கோ."

அவள் சொன்னதைச் செய்கிற பிள்ளை. அது றெஜினோல்டுக்கும் தெரியும். பிளோறன்ஸ் அடுத்த நாள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "ஒரே பிள்ளை அண்ணை. அவள் கோயில் படியிலை தகப்பன் இல்லாமல் ஏறினால், நான் எந்தப் பக்கம் நிக்கிறது?" என்று கேட்டாள். நான் பஸ் பிடித்துப் போனேன்.

"றெஜினோல்ட், மரியாம்பிள்ளையரைப் பற்றி எனக்கொரு கதை தெரியும்."

"கதை வேண்டாம் அண்ணை. பேப்பர் இருக்கோ?"

இந்த நாடு எங்களுக்குப் பழக்கிவிட்ட பழக்கம் அது. பேப்பர் இல்லாவிட்டால் பிறந்தவன் பிறக்கவில்லை, செத்தவன் சாகவில்லை. எனக்கு எழுபத்தைந்து வருடமாகத் தலைக்குள் இருக்கிறது, தலையில் யாரும் முத்திரை குத்தவில்லையே. நான் கொஞ்சம் யோசித்தேன்.

"சரி, பேப்பர் எண்டால் பேப்பர். உன்ரை கொப்பரின்ரை ஞானஸ்நானப் பேப்பரை எடுப்பியன். உந்தக் கப்பல் எந்தக் கரையிலை தட்டினது எண்டு அதிலை இருக்கும்."

அவனுடைய முகம் பூசணிப்பூவாக விரிந்தது. "அண்ணை, பள்ளிக்கூடம் போகாட்டியும் உங்களுக்கு மூளை இருக்கு," என்றான். அந்தப் பாராட்டை நான் வைத்திருக்கிறேன்.

கடிதம் போனது. அந்த நேரம் ஊரில் ஊர் இருக்கவில்லை. சண்டைக்குப் பயந்து சனம் முழுக்க எழும்பி ஓடின நாளில், எங்கள் பங்குச் சுவாமி தன் தலையணையையும் மூக்குக் கண்ணாடியையும் விட்டுவிட்டு, ஞானஸ்நானப் புத்தகங்களைச் சாக்கில் கட்டி உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு போனவர். கண்ணாடி இல்லாமல் அவற்றை அவர் வாசிக்கவும் ஏலாது. அந்தச் சாக்கைத் தேடி, புத்தகத்தைத் தேடி, பக்கத்தைத் தேடி, ஐந்து மாதம். கடைசியில் அங்கிருந்து கேவலார் திருநாளுக்கு வருகிற இன்னொரு சுவாமியின் கையில் கொடுத்துவிட்டிருப்பதாகச் செய்தி வந்தது.

ஓகஸ்ற் மாதத்துக் கேவலாரை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜெர்மனி முழுவதிலுமிருந்து எங்கள் சனம், வேதக்காரரும் சைவக்காரரும் ஒன்றாக, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்த வருகிற நாள். அந்தச் சின்னப் பட்டணத்துப் புல்வெளியெல்லாம் பட்டுச் சேலையும் சோற்றுப் பார்சலும்தான். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஐந்து மணித்தியாலம் ஓடினோம். சுருள் என் மடியில் இருந்தது. கிறிஸ்ரினா பின் ஆசனத்தில் இருந்தாள். அவளுடைய நாள் கணக்கு அன்றைக்கு முடிகிறது.

பூசை முடிந்ததும் றெஜினோல்ட் சுவாமியைப் பிடித்து, ஒரு மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். பரம்பரை என்பது தனியே வாசிக்கிற சாமானா? தூரத்தில் லக்ஸனோடு சோறு கட்டவிழ்த்துக்கொண்டிருந்த பேர்பெச்சுவாவையும் அவனே போய்க் கூப்பிட்டான்.

"அக்காவும் வந்து கேக்கட்டும். ஒண்டும் ஒளிக்கப்படாது."

சுவாமி உறையைக் கிழித்தார். பழைய வெள்ளைக்காரச் சுவாமிமார் லத்தீனில் எழுதினதை நகல் எடுத்திருந்தார்கள். அவர் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஆயிரத்துத் தொளாயிரத்து எட்டு, ஆனி பதினாலு. பிள்ளையின்ரை பேர்... சூசை பெல்மேட்டன்."

"கேட்டியளோ!" என்றான் றெஜினோல்ட்.

"ஞானத்தகப்பன், மரியாம்பிள்ளை. தொழில், துரைமார் விடுதியிலை சமையல்."

றெஜினோல்ட் எட்டித் தாளைப் பார்த்தான், எல்லாம் லத்தீன்.

"ஓரத்திலை ஒரு குறிப்பு இருக்கு," என்றார் சுவாமி. "பிள்ளைக்குச் சூசை எண்ட பேரே போதும் எண்டு தாய் கேட்டவ. தான் சமைச்சுக் குடுக்கிற றோட்டு எஞ்சினியர் பெல்மேட்டன் துரையின்ரை பேரையும் சேர்த்து வைக்க வேணும் எண்டு ஞானத்தகப்பன் ஒற்றைக்காலிலை நிண்டதாலை, அதையும் வைச்சுவிட்டம். அந்தத் துரை வேறு வேதக்காரர், இந்த ஊருக்கு வந்து ஆறு கிழமைதான் எண்டும் எழுதியிருக்கு."

ஆறு கிழமை, ஒன்றரை மாதம். றெஜினோல்டின் அப்பாச்சியின் மானத்தை ஒரு லத்தீன் வரி காப்பாற்றிவிட்டது. சேர் ஹம்ஃபிறியை அது காப்பாற்றவில்லை.

பேர்பெச்சுவா, யாரையும் பார்க்காமல், சோற்றுப் பார்சல் கட்டின நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"அப்பு சொல்லுறவர்தான். பிள்ளை பெத்த ஒரு பொம்பிளை காய்ச்சலிலை கிடந்தவ எண்டும், நாப்பது நாளும் துரையின்ரை சட்டியிலை ஒரு கோப்பை சூப்புக் கூடுதலாய்க் காய்ச்சி, வேலியாலை குடுத்தனான் எண்டும். எந்த வீடு எண்டு கேட்டால் சொல்லமாட்டார். குடுத்ததைச் சொல்லக்கூடாது எண்டிடுவார்."

றெஜினோல்ட் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணை, உங்களுக்கு இது தெரியுமோ?"

"ஓம். என்ரை அம்மா சொல்லித் தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"பேப்பர் இல்லை."

அவன் புல்லில் உட்கார்ந்தான். ஐந்து மாதம் காத்திருந்து, ஐந்து மணித்தியாலம் ஓடி, சனத்தைக் கூட்டி வைத்து அறிந்துகொண்டது என்னவென்றால், அவனுடைய குலப்பேர் ஒரு சூப்புக் கோப்பையோடு வேலியால் வந்தது; அதைக் கொண்டுவந்தவரின் பேத்தியைத்தான் அவன் மாசி மாதம் தன் வாசலால் அனுப்பினான். எனக்கே பாவமாக இருந்தது. கிறிஸ்ரினா அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தொடவில்லை, போகவுமில்லை.

ஆனால் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், வேர்கிண்டிக்குத் தோல்வி என்பதே கிடையாது. கிணறு வெட்டப் பூதம் வந்தால், பூதம்தான் எங்கள் குலதெய்வம் என்பான்.

"அண்ணை," என்றான் மெதுவாக. "ஞானத்தகப்பன் எண்டாலும் தகப்பன்தானே?"

"ஓம்."

"அப்ப அப்பாவுக்கு மரியாம்பிள்ளை அப்பு தகப்பன் முறை."

"ஓம்."

"அப்ப பேர் வந்த வழி அக்காவின்ரை வீடு!" எழும்பிவிட்டான். "எங்கை அந்தச் சுருள்? பேனை ஒண்டு தாங்கோ சுவாமி! தொண்ணூறு வருசத்துக்கு முந்தியே தொடங்கின சம்பந்தமல்லோ இது! அக்கா, நீங்கள் இவ்வளவு நாளும் இதைச் சொல்லாமல் இருந்திட்டியளே!"

"நீங்கள் கேக்கேல்லையே, தம்பி," என்றாள் பேர்பெச்சுவா. "நீங்கள் எத்தினை தலைமுறை எண்டுதானே கேட்டியள்."

அவன் அங்கேயே, கேவலார்ப் புல்வெளியில், சனம் தாண்டித் தாண்டிப் போக, சுருளை விரித்து முழங்காலில் நின்று கப்பலைப் பேனாவால் கோடிழுத்து வெட்டினான். நீல மை நன்றாக ஊறியிருந்தது, முழுதும் மறையவில்லை. அந்த இடத்தில் மரியாம்பிள்ளை என்று எழுதினான். எழுதிவிட்டு, தலையைத் தூக்காமல், பேனாவை மூடிக்கொண்டே கேட்டான்:

"பிள்ளை... ரெர்மீன் எத்தினையாம் தேதிக்கு எடுக்கப் போறாய்? நான் கோட்டுத் தைக்க வேணும்."

அப்போதுதான் கிறிஸ்ரினா அழுதாள். லக்ஸன் தன் கைலேஞ்சியைக் கொடுத்தான். அதில் ட்ராம் வண்டிக் கிறீஸ் இருந்தது.

ஐப்பசியில் கலியாணம். றெஜினோல்ட் புதுக் கோட்டோடு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினான், பிளோறன்ஸுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்ற கவலை வரவில்லை. மண்டபத்தில் ரோல்ஸுக்கு முன்னால் சூப்பு வந்தது. அது மாப்பிள்ளையின் பூட்டன்வழிச் சமையல் முறை என்று பெண்ணின் தகப்பனே மேசை மேசையாகப் போய் விளக்கம் சொன்னான். அழைப்பிதழில் சிங்கம் இருந்தது, சிங்கத்தின் காலடியில் மூன்று உருண்டைகளும் இருந்தன.

"குண்டுதானே?" என்று கேட்டேன்.

"வெங்காயம், அண்ணை," என்றான். "வடிவாய்ப் பாருங்கோ. சூப்புக்கு வெட்டுற வெங்காயம்."

மந்திரி வம்சத்துப் பதினொரு பேரும் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். இரண்டாம் கோப்பை கேட்டுக் குடித்தார்கள். குடித்து முடித்ததும் அவர்களில் ஒருவர் என் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு, காதுக்குள் கேட்டார்: "இந்த மரியான் எண்டவர் ஊரிலை எவடம்?"

அவரை விடுங்கள். உங்களிடம் வருகிறேன். இவ்வளவு தூரம் என்னோடு வந்து, றெஜினோல்டைப் பார்த்துச் சிரித்தீர்கள், சந்தோசம். ஆனால் ஆரம்பத்திலிருந்து இதுவரைக்கும் நான் அந்த ஊரின் பேரை ஒரு இடத்திலும் சொல்லவில்லை. கவனித்தீர்களா? கவனித்தீர்கள். கோயிலின் பேர் வருமா என்று பார்த்தீர்கள். துரைமார் விடுதி இருந்த ஊரென்றால் அதுவோ இதுவோ என்று ஒரு கொத்துக் கொத்தினீர்கள். சமையல் என்றதும் இன்னும் ஒரு கொத்து. கதை சொல்கிற இந்த மனிசன் அவர்களுக்கு என்ன முறை, இவன் ஆருடைய ஆள் என்று மூன்றாவது கொத்து. மெல்ல மண்வெட்டியைக் கீழே வையுங்கள்.

வேண்டாம், ஏன் தேடினீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். நீங்கள் சொல்லப்போகிற பதில் எனக்குத் தெரியும்.

சும்மாதான்.